பழைய லாரி சேஸ்ல துரு: பெயின்ட் டப்பாவ தொறக்கறதுக்கு முன்னாடி

எங்க பத்து வீல் வண்டிக்கு பதினஞ்சு வயசு ஆனப்ப எஃப்சிக்கு (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்றிதழ்) விடணும்னு வழக்கம்போல தண்ணிய பீச்சிக் கழுவி, கம்பி பிரஷால மேலோட்டமா ஒரு இழுப்பு இழுத்து, சேஸ் (வண்டிய தாங்கற அடிச்சட்டம்) முழுக்க கருப்பு பெயின்ட் அடிச்சு நிப்பாட்டினோம், பாக்க புது வண்டி மாதிரியே இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சு பின்னாடி ஸ்பிரிங் பட்டை மாத்த ஜாக்கி போட்டு ஏத்தினப்ப வெல்டர் அண்ணாச்சி சிப்பிங் சுத்தியல எடுத்து அந்த பட்டைய சேஸோட புடிச்சு வைக்கற ஹேங்கர் பக்கத்துல சும்மா ரெண்டு தட்டு தட்டினாரு, பெயின்ட்டோட சேந்து ஒரு அப்பளம் சைஸுக்கு இரும்பு ஏடா உரிஞ்சு கீழ விழுந்துச்சு. அந்த ஏட்ட கையில எடுத்து திருப்பி பாத்தேன். மேல்பக்கம் நாங்க அடிச்ச பெயின்ட் பளபளன்னு அப்படியே இருக்கு, அடிப்பக்கம் தொட்டா ஈரம், விரல்ல செம்மண்ணு மாதிரி ஒட்டுது. எட்டு மாசமா அந்த ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே இருந்து இரும்ப தின்னுருக்கு.

அன்னிக்குதான் பெயின்ட்ங்கிறது துருவுக்கு மருந்து இல்லங்கிறது எனக்கு மண்டையில ஏறுச்சு. ஈரம் எங்க நிக்குதுன்னு கண்டுபுடிச்சு அத வெளியேத்தறதுதான் வேலையே, பெயின்ட் அதுக்கப்புறம் வர்ற விஷயம். புதுசா பழைய வண்டி வாங்கினவங்க, அப்பாவோட வண்டிய இப்ப பாத்துக்கறவங்க, இவங்களுக்குப் புரியற மாதிரி முதல்ல இருந்து சொல்றேன்.

இரும்பு ஏன் துருப்புடிக்குதுன்னு முதல்ல பாப்போம். மண்ணுல இருந்து தோண்டி எடுக்கறப்பவே இரும்பு ஆக்சிஜனோட சேந்துதான் கெடக்குது, உலையில போட்டு கஷ்டப்பட்டு பிரிச்சுதான் ஸ்டீல் ஆக்கறாங்க, அதனால அதுக்கு ஆக்சிஜனும் தண்ணியும் ஒண்ணா கெடச்சா பழையபடி சேந்துக்கும். ரெண்டும் வேணும். காத்து மட்டும் இருந்தா நம்ம ஊர் வெயில்ல காஞ்ச இரும்பு பல வருஷம் அப்படியே கெடக்கும். தண்ணி வந்த உடனே என்ன நடக்குதுன்னா, உங்க வண்டி பேட்டரிய நெனச்சுக்கோங்க, ரெண்டு பிளேட்டு, நடுவுல ஆசிட், கரன்ட் ஓடுது. ஈரமான சேஸ்லயும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன பேட்டரி உண்டாகுது, ஒரே இரும்புத் தகட்டுல ஒரு புள்ளி மைனஸாவும் பக்கத்துப் புள்ளி பிளஸ்ஸாவும் ஆகி நடுவுல இருக்கற தண்ணி ஆசிட் வேலைய பாக்குது. இதுல ஒரு புள்ளியில இரும்பு கரையுது. கரைஞ்ச இரும்பு ஆக்சிஜனோட சேந்து படியறதுதான் துரு.

இப்ப உப்பு. நாங்க தூத்துக்குடி பக்கம், வண்டி பாதி நாள் உப்பளத்துலதான் நிக்கும். உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதுல பெரும்பங்கு எங்க மாவட்டம்தான், அப்ப எத்தன லாரி இந்த உப்புத் தண்ணில ஓடுதுன்னு யோசிச்சுக்கோங்க. மீன் வண்டியும் இதே கதிதான், ஐஸ் உருகி உப்போட சேந்து டெயில் போர்டு வழியா ராத்திரி முழுக்க சேஸ் மேல சொட்டிக்கிட்டே போகும். உப்பு மூணு விதமா கெடுக்குது. தண்ணில கரைஞ்சு கரன்ட்ட நல்லா கடத்துது, அதனால அந்த சின்ன பேட்டரி எல்லாம் வேகமா ஓடுது. ரெண்டாவது, இரும்பு மேல தானா உண்டாகற மெல்லிய பாதுகாப்புப் படலத்த உப்புல இருக்கற குளோரைடு ஓட்ட போட்டுடுது. மூணாவதுதான் நிறைய பேர் கவனிக்காதது: காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினா உப்பு தானாவே காத்துல இருந்து தண்ணிய இழுத்து கரைஞ்சுக்கும். மழைக்காலத்துல வீட்ல உப்பு ஜாடி கசியுதுல்ல, அதேதான். கடலோரத்துல விடியக்காலையில 75ங்கிறது சாதாரணம். அப்ப மழையே பெய்யலன்னாலும், நீங்க வண்டிய கழுவாம நிப்பாட்டி வச்சிருந்தாலும், சேஸ் மேல ஒட்டின உப்பு தெனமும் ராத்திரி ஈரமாகி தெனமும் இரும்ப அரிக்கும். குளிர் நாடுகள்ல பனி உருக ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அங்க பிக்கப் வண்டிங்களோட சேஸ் பொத்துப் போறதுக்கும் இதே காரணம்தான்.

உப்புக் காத்து இரும்ப எப்படி திங்கும்னு பாக்கணும்னா பாம்பன் பாலம் போதும். 1914ல திறந்தது, எத்தனையோ தடவ ரிப்பேர் பண்ணி பெயின்ட் அடிச்சு காப்பாத்திக்கிட்டே வந்தாங்க, கடைசியில நடுவுல தூக்கற பகுதி அரிச்சுப் போனதால 2022 டிசம்பர்ல ரயில நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துச்சு. பக்கத்துல மண்டபத்துலயே காரைக்குடி சிக்ரியோட (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வு நிலையம் இருக்கு, இந்த மாதிரி அரிப்ப ஆராய்ச்சி பண்றதுக்குன்னே கடலோரமா வச்சிருக்காங்க. அந்த அளவுக்கு மோசமான காத்துல நம்ம வண்டி ஓடுதுங்கிறத மனசுல வச்சுக்கணும்.

அடுத்து சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம், இத நிதானமா படிங்க. சேஸ்ல நல்லா காத்தும் மழையும் படற வெளிப்பக்கம் மேல மெல்லிசா செவந்து போய் இருக்கும், அங்க ஆழமா அரிச்சிருக்காது. ஆனா ரெண்டு தகடு ஒட்டற இடம், சேறு அப்பின இடம், பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல வைக்கற மரக்கட்டைக்கு அடியில இருக்கற இடம், இங்கதான் பொத்துப் போயிருக்கும். காத்தே போகாத இடத்துல எப்படி துரு அதிகமா வரும்னு நானும் கேட்டேன். விஷயம் என்னன்னா, ஒரே ஈரத்துல ஒரு இடத்துல ஆக்சிஜன் நிறைய, இன்னொரு இடத்துல கம்மின்னா, கம்மியா இருக்கற இடம்தான் கரையற பக்கமா மாறும், நிறைய இருக்கற இடம் தப்பிச்சுக்கும். அதாவது சேத்துக்கு வெளிய இருக்கற இரும்பு ஆக்சிஜன வாங்கிக்குது, அதுக்கு வேண்டிய கரன்ட்ட சேத்துக்கு அடியில இருக்கற இரும்பு கரைஞ்சு குடுக்குது. பெயின்ட்டுக்கு அடியில மாட்டின ஈரமும் இதே கணக்குதான். அதனாலதான் கண்ணுக்குத் தெரியற துருவ விட தெரியாத துரு பல மடங்கு ஆபத்து.

லாரி சேஸ்ங்கிறது ஒரு ஏணி மாதிரி, ரெண்டு பக்கமும் நீளமா லாங் மெம்பர், நடுவுல படி மாதிரி கிராஸ் மெம்பர். லாங் மெம்பர் ஒரு பக்கம் தொறந்த பெட்டி மாதிரி இருக்கும், மேல ஒரு மடிப்பு, கீழ ஒரு மடிப்பு, நடுவுல நின்ன தகடு. லோடு ஏறினா வளையற பாரத்துல பெரும்பங்கு அந்த மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான் தாங்குது, நடுத் தகடு அந்த ரெண்டையும் பிரிச்சுப் புடிச்சு வச்சிருக்கு. அதனால நடுத் தகட்டுல சின்னதா ஒரு குழி இருக்கறதும் கீழ் மடிப்போட ஓரத்துல அதே அளவு குழி இருக்கறதும் ஒண்ணு கிடையாது, ஓரத்துல இருக்கற குழியில இருந்துதான் விரிசல் கிளம்பும். பாரம் தாங்கற வண்டிகள்ல உள்ள இன்னொரு தகடு வச்சு டபுள் சேஸா இருக்கும், அந்த ரெண்டு தகட்டுக்கும் நடுவுல இருக்கற நூலிழை சந்துல தண்ணி ஏறினா வெளிய வராது. துரு ஆன இரும்பு பழைய இரும்ப விட ரெண்டு மடங்குல இருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், உள்ள இடம் இல்லாததால தகட்டையே தள்ளும். ரிவிட்டுக்கும் ரிவிட்டுக்கும் நடுவுல தகடு பூரி மாதிரி உப்பி நிக்கறத பாத்திருப்பீங்க, அது இதுதான், ரிவிட் தலையவே புடுங்கிடற அளவுக்கு அதுக்கு பலம் உண்டு.

எங்கெல்லாம் பாக்கணும்? எங்க வண்டில நான் கத்துக்கிட்ட வரிசையிலயே சொல்றேன். பின் பட்டை ஹேங்கர் சேஸோட ஒட்டற இடம், டயர் வாரி அடிக்கற சேறு எல்லாம் அங்கதான் போய் உக்காரும். அடுத்து பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல வைக்கற மரக்கட்டை, அது பஞ்சு மாதிரி உப்புத் தண்ணிய குடிச்சு வச்சுக்கும், மழை நின்னு பத்து நாள் ஆனாலும் அடியில ஈரம் இருக்கும், பாடிய இறக்காம அந்த மேல் மடிப்ப முழுசா பாக்கவே முடியாது. நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டவோ ரிப்பேருக்கோ விட்டீங்கன்னா பாடி இறங்கி இருக்கற அந்த ரெண்டு மூணு நாள விட்றாதீங்க, சேஸ் மேல் மடிப்புக்கு வேலை பாக்க அதவிட நல்ல நேரம் கெடைக்காது. டீசல் டேங்க் பட்டைக்கு அடியில இருக்கற ரப்பர், பேட்டரி பாக்ஸ் பக்கம் (இங்க ஆசிட் கசிவும் சேந்துக்கும்), பாடி கட்டின யூ போல்ட் கவ்வற இடம், கிராஸ் மெம்பர் லாங் மெம்பரோட சேர்ற மூலை, ஸ்டெப்னி தொங்கற பக்கம். ஏர் டேங்க்கும் மறக்காதீங்க, கம்ப்ரஸர்ல இருந்து வர்ற தண்ணி உள்ளயே தேங்கி உள்பக்கமா அரிக்கும், தெனமும் அடி வால்வ ஒரு இழுப்பு இழுத்து விட்டா போதும்.

இப்ப கழுவறது. இதுல எங்க ஊர்ல ஒரு பெரிய தப்பு நடக்குது, தெரியாம பண்றதுதான். கடலோரத்துல பல வாட்டர் சர்வீஸ்ல போர் தண்ணிதான், அந்த தண்ணியே உப்பு. உப்பு லோடு இறக்கிட்டு உப்புத் தண்ணில வண்டிய கழுவினா என்ன ஆகும்? சேறு போகும், உப்பு தங்கும். தண்ணில உப்பு மாதிரி எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் பேனா சைஸ்ல கெடைக்குது, பெருசா விலை இல்ல, தண்ணில முக்கினா நம்பர் காட்டும். குடிதண்ணிக்கு இந்திய தர அளவு 500, வேற தண்ணி இல்லன்னா 2000 வரைக்கும் போகலாம்னு இருக்கு, சர்வீஸ் தண்ணில முக்கி பாத்தா எவ்வளவு காட்டுதுன்னு நீங்களே பாத்துக்கோங்க. முதல் கழுவு எந்த தண்ணில வேணா இருக்கட்டும், கடைசி அலசல் நல்ல தண்ணில இருக்கணும், முழு வண்டிக்கும் வேண்டாம், சேஸுக்கு மட்டும் ரெண்டு மூணு டிரம் போதும். இன்னொண்ணு, ஹை பிரஷர் கன்ன தகடு சந்துக்கு நேரா வச்சு அடிக்காதீங்க, உப்பு வெளிய வர்றதுக்குப் பதிலா உள்ள போயிடும், சந்துகளுக்கு மெதுவா நிறைய தண்ணி ஓட விடறதுதான் சரி. கழுவி முடிச்சதும் வண்டியோட ஏர் ஹோஸ மாட்டி சந்து சந்தா ஊதுங்க, வெயில்ல நிப்பாட்டுங்க. ராத்திரி கழுவி அப்படியே ஷெட்ல போடறது கழுவாம இருக்கறத விட பெரிய நல்லது ஒண்ணும் இல்ல. லாங் மெம்பர்லயும் கிராஸ் மெம்பர்லயும் தண்ணி வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும், சேறு அடைச்சுக்கிட்டா உள்ள குளம் கட்டிடும், ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பிய வண்டிலயே போட்டு வச்சு கழுவறப்ப எல்லாம் குத்தி விட்டுருங்க.

காஞ்சதுக்கு அப்புறம் சுத்தியல எடுங்க. கால் கிலோ சிப்பிங் சுத்தியல் போதும், ஓங்கி அடிக்க வேண்டாம், அடிக்கொரு தட்டு, காத கொஞ்சம் கிட்ட வச்சுக்கோங்க. நல்ல இரும்பு ணங்னு பேசும். அடியில பொரிஞ்சு ஏடு கட்டியிருந்தா சத்தம் செத்துப் போய் பொத்துனு கேக்கும், கைக்கும் வித்தியாசம் தெரியும். செத்த சத்தம் வர்ற இடத்துல எல்லாம் சாக்பீஸால வட்டம் போடுங்க. அந்த இடத்த சுத்தி இரும்பு தெரியற வரைக்கும் தட்டி எடுத்துட்டு ஓரம் எங்கயாவது கெடச்சா வெர்னியர் வச்சு கனம் அளந்து பாருங்க, நல்லா இருக்கற இடத்துலயும் அளந்து ரெண்டையும் எழுதி வைங்க. பெரிய வண்டி சேஸ் தகடு 6ல இருந்து 8 மில்லி வாக்குல இருக்கும், நம்ம வண்டிக்கு எவ்வளவுன்னு நல்ல இடம்தான் சொல்லும். சுத்தியல் உள்ள போச்சுன்னா, இல்ல மடிப்பு ஓரத்துல மயிரிழை மாதிரி கோடு தெரிஞ்சா, அங்க பெயின்ட் வேலை முடிஞ்சு போச்சு, சேஸ் வேலை தெரிஞ்ச ஆள கூப்பிடணும், அத பின்னாடி சொல்றேன்.

துரு எடுக்கறதுல அவசரம் கூடாது. ஏடு ஏடா இருக்கறத சிப்பிங் சுத்தியலாலயும் ஸ்கிரேப்பராலயும் எடுத்துட்டு, கிரைண்டர்ல கம்பி கப் மாட்டி ஓட்டலாம், ஆனா கம்பி கப் ஒரு ஏமாத்து வேலை பண்ணும், துருவ எடுக்காம அத பாலிஷ் போட்டு பழுப்பா மினுக்க வச்சிடும், பாக்க இரும்பு மாதிரியே இருக்கும். சந்தேகம் இருந்தா உடைஞ்ச ஹேக்ஸா பிளேடு முனையால ஒரு கீறு கீறுங்க, வெள்ளையா கோடு விழுந்தா இரும்பு, பழுப்பா பொடி வந்தா இன்னும் துரு. குழிக்குள்ள இருக்கறது கம்பிக்கு எட்டாது, பிளாஸ்டிங் (காத்து வேகத்துல துகள பீச்சி அடிச்சு துருவ உரிக்கறது) பண்ண வசதி இருந்தா அதுதான் உத்தமம், ஆனா ஆத்து மணல் வச்சு அடிக்கற இடத்துல விடாதீங்க, அந்த மணல் தூசி அடிக்கற ஆளோட நுரையீரல கெடுத்துடும், திரும்ப சரி பண்ண முடியாத வியாதி அது. வேலைக்கு முன்னாடி பேட்டரி கழட்டணும், டீசல் டேங்க், ஏர் பைப் எல்லாம் ஈரச் சாக்கு போட்டு மூடணும், கிரைண்டர் பொறி பட்டா நைலான் ஏர் பைப் உருகிடும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

சேஸ் நம்பர் பத்தி ஒரு வார்த்தை, மறந்துட்டு பின்னாடி அலையறவங்க இருக்காங்க. நம்பர் பஞ்ச் பண்ணின இடத்துல கிரைண்டர் படவே கூடாது. எஃப்சில நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேச்சு பிரிண்ட் எடுக்கறப்ப நம்பர் விழலன்னா பெரிய தலைவலி, ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் மறுபடி பஞ்ச் பண்ண முடியும். அந்த இடத்த கையால மெதுவா துணியும் டீசலும் வச்சு தொடச்சு, கிரீஸ் பூசி மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வைங்க, கிரீஸ் போதும் அதுக்கு.

சில பெயின்டருங்க துருவ சீக்கிரம் எடுக்க கக்கூஸ் கழுவற ஆசிட்ட ஊத்துவாங்க. துரு உடனே கரையும், இரும்பு வெள்ளி மாதிரி வரும், பாக்க சந்தோஷமா இருக்கும். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதுல இருக்கறதும் அதே குளோரைடுதான், உப்ப கழுவிட்டு உப்போட சொந்தக்காரன உள்ள விட்ட கதை, சந்துல போனது வெளியவே வராது. சேஸுக்கு அது வேண்டவே வேண்டாம். அதுக்குப் பதிலா ரஸ்ட் கன்வர்ட்டர்னு கெடைக்கறது பாஸ்பாரிக் ஆசிட்டோ டானிக் ஆசிட்டோ கலந்தது. நம்ம ஊர்ல கடுக்காய் தண்ணியையும் இரும்பையும் சேத்து கருப்பு மையும் துணிக்குச் சாயமும் காலங்காலமா பண்ணிருக்காங்கல்ல, கடுக்காயில இருக்கற அந்த துவர்ப்புதான் டானின், அது இரும்போட சேந்து கெட்டியான கருப்பா மாறிடும். டானிக் ஆசிட் கன்வர்ட்டர் குழிக்குள்ள மிச்சமிருக்கற துருவுல பண்றதும் இதுதான். ஆனா ஒட்டின மெல்லிய துருவுக்கு மட்டும்தான் அது, ஏடு கட்டின துரு மேல ஊத்தினா மேல் ஏடு மட்டும் கருப்பாகும், அடியில பழைய கதைதான்.

எப்ப அடிக்கணும்ங்கிறதும் வேலையில பாதி. ஐப்பசி கார்த்திகையில உக்காந்து சேஸ் பெயின்ட் அடிக்காதீங்க, பங்குனி சித்திரைல வையுங்க. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா பெயின்ட் வேலை நிறுத்தணும்னு இன்டஸ்ட்ரியல் பெயின்டிங்ல விதியே இருக்கு, காலைல பனி இறங்கற நேரத்துல இரும்பு மேல கண்ணுக்குத் தெரியாம தண்ணி படலம் இருக்கும். பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு நாலு மணிக்குள்ள முடிச்சுடுங்க. சுத்தம் பண்ணின இரும்ப ராத்திரி வெறுமனே விடக்கூடாது, கடலோரத்துல காலைல வந்து பாத்தா மஞ்சளா பூத்திருக்கும். அன்னிக்கு எவ்வளவு தூரம் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் சுத்தம் பண்ணுங்க. தொடைக்கறதுக்கு மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் பசைய விட்டுட்டுப் போகும், மேல பெயின்ட் புடிக்காது, பெயின்ட்டுக்குன்னு விக்கற தின்னர்ல தொடைங்க.

பிரைமர்னா எல்லாருக்கும் ரெட் ஆக்சைடுதான் தெரியும். விலை கம்மி, அடிக்க சுலபம், வீட்டு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஓகே. உப்பு வண்டி சேஸுக்கு பத்தாது, தண்ணியயும் உப்பையும் ரொம்ப நாள் தடுக்காது. ரெண்டு டப்பாவா வர்ற எபாக்ஸி பிரைமர், அதுல ஜிங்க் பாஸ்பேட் கலந்தது கேட்டு வாங்குங்க, பேஸும் ஹார்டனரும் டப்பால போட்டிருக்கற அளவுல கலக்கணும், கண்ணளவுல கலந்தா காயாது. கலந்ததுக்கு அப்புறம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அடிச்சு முடிக்கணும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கோங்க. ஜிங்க் ரிச் பிரைமர்னு இன்னொண்ணு இருக்கு, அதுல இருக்கற துத்தநாகம் இரும்புக்குப் பதிலா தான் கரைஞ்சு காப்பாத்தும், ரொம்ப நல்லது, ஆனா சுத்தமான இரும்ப நேரா தொட்டாதான் அது வேலை செய்யும், பிளாஸ்டிங் பண்ணாத சேஸ்ல அத அடிச்சு காச விடாதீங்க. ஸ்பிரே அடிக்கறதுக்கு முன்னாடி சின்ன பிரஷ் எடுத்து மடிப்பு ஓரம், போல்ட் தலை, ரிவிட் சுத்தி, வெல்டிங் கோடு எல்லாத்துக்கும் கையால ஒரு கோட் குடுங்க. பெயின்ட் கூரான ஓரத்துல இருந்து விலகி ஓடும், அங்கதான் மெல்லிசா நிக்கும், துரு முதல்ல எட்டிப் பாக்கறதும் அங்கதான். அந்த ஒரு மணி நேர பிரஷ் வேலைய நான் எதுக்காகவும் விடமாட்டேன். மேல எபாக்ஸியோ பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டோ ரெண்டு கோட், வெயில் படற பக்கத்துக்கு பியூ நல்லது, எபாக்ஸி வெயில்ல வெளுத்துப் பொடியா போகும்.

ரப்பர் மாதிரி தடியா அடிக்கற கருப்பு அண்டர்கோட்டிங் பத்தி கேப்பாங்க. சுத்தமான, பிரைமர் அடிச்ச சேஸ் மேல கல் அடி படற இடத்துக்கு அது நல்லதுதான். துரு மேல அடிச்சா ஆரம்பத்துல சொன்ன அந்த அப்பளக் கதைதான், என்ன, இன்னும் கெட்டியான மூடி. பழைய வண்டி வாங்கறப்ப சேஸ் முழுக்க புதுசா தார் மாதிரி அடிச்சிருந்தா, சுத்தியல் வச்சு தட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

சரி, டபுள் சேஸ் சந்துக்கும் பைப் மாதிரி மூடின கிராஸ் மெம்பருக்கும் பெயின்ட் போகாதே? அங்க பெயின்ட் வேண்டாம், ஊர்ந்து போற எண்ணெயோ மெழுகோ வேணும். கேவிட்டி வாக்ஸ்னு ஸ்பிரேல வருது, நீளமான டியூப் மாட்டி உள்ள விட்டு அடிக்கலாம், முதல்ல தண்ணி மாதிரி சந்துக்குள்ள ஊறிப் போய் அப்புறம் மெழுகா உறைஞ்சுக்கும், தண்ணி உள்ள வர இடம் இருக்காது. நல்ல வெயில்ல சேஸ் சூடா இருக்கறப்ப அடிச்சா இன்னும் உள்ள போகும். வருஷத்துக்கு ஒரு தடவ மழைக்கு முன்னாடி புரட்டாசில அடிக்கறது எங்க வழக்கம். எங்க வண்டில போன ரெண்டு வருஷமா உப்பின தகடு அதுக்கு மேல உப்பல, அது இந்த வாக்ஸாலதான்னு நான் நம்பறேன்.

வேஸ்ட் இன்ஜின் ஆயில் அடிக்கறத நிறைய இடத்துல பாக்கறேன், டீசல் கலந்து அடிப்பாங்க. காசு இல்லாத நேரத்துல டிரைவருங்க கண்டுபுடிச்ச வழி அது, தண்ணிய கொஞ்ச நாள் தள்ளும்ங்கிறது உண்மைதான். ஆனா ஓடின ஆயில்ல எரிஞ்ச ஆசிட்டும் கரியும் சேந்திருக்கு, தோல்ல பட்டா நல்லதில்ல, புஷ் ரப்பர உப்ப வச்சுடும், பிரேக் லைனிங்ல பட்டா பிரேக்கே புடிக்காது, மிச்சம் மண்ணுல சொட்டி கெணத்துத் தண்ணிக்குப் போகும். டீசல் நாலு நாள்ல போயிடும், ஒட்டற ஆயில்ல ரோட்டுத் தூசியும் உப்பும் சேந்து அப்பிக்கிட்டு நாம முதல்ல பேசின சேறு மறுபடி வந்துடும்.

பொத்துப் போன இடத்துக்கு வருவோம். சாதாரண பட்டறையில ஒரு தகட்ட வெட்டி வச்சு சுத்தி வெல்டிங் அடிச்சுக் குடுத்துடுவாங்க. சேஸ் தகடு சாதா இரும்பு இல்ல, வெல்டிங் சூடு பட்ட இடத்துல அதோட குணம் மாறும், அதுவும் மேல் மடிப்பு கீழ் மடிப்புல வெல்டிங் அடிக்கறதயும் ஓட்டை போடறதயும் வண்டி கம்பெனிங்களே கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. குறுக்க நேரா ஒரு வெல்டிங் கோடு போட்டா அடுத்த லோடுல அந்த கோட்டு ஓரமாவே விரிசல் விடும். சேஸ் வேலை மட்டுமே பாக்கற மேஸ்திரிங்க இருக்காங்க, கெட்ட தகட்ட கழட்டிட்டு உள் தகடு வச்சு நடுத் தகட்டுல போல்ட்டோ ரிவிட்டோ போட்டு கட்டுவாங்க, காசு கூடத்தான் ஆகும், ஆனா அந்த வண்டிக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல ஒரு குடும்பம் வரும்ங்கிறத யோசிச்சா அந்த காசு பெருசில்ல. வெல்டிங் அடிச்சே ஆகணும்ங்கற இடத்துல பேட்டரி ரெண்டு டெர்மினலும் கழட்டணும், புது மாடல் வண்டின்னா ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டி) கனெக்டரையும்.

எட்டு வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம் வருது. அந்த எஃப்சிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே சுத்தியல் தட்டற வேலைய முடிச்சுட்டா, கடைசி நேரத்துல அள்ளி அப்பற பெயின்ட்டுக்கு அவசியமே இருக்காது. எங்க வண்டில அந்த அப்பளம் விழுந்த ஹேங்கர் இடத்துல உள் தகடு போட்டு, எபாக்ஸி அடிச்சு, பக்கத்துல வெள்ளை பெயின்ட்ல தேதியும் தகடு கனமும் எழுதி வச்சிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவ அதே கோணத்துல போன்ல ஒரு போட்டோ, அந்த தேதி தெரியற மாதிரி. இதுவரைக்கும் ஏழு போட்டோ ஆச்சு, அஞ்சாவதுல ஒரு போல்ட் தலை ஓரமா அரிசி அளவுக்கு ஒரு செவப்பு தெரிஞ்சுச்சு, அன்னிக்கே சுரண்டி பிரஷால ரெண்டு கோட் குடுத்தேன், ஆறாவதுலயும் ஏழாவதுலயும் அது இல்ல.